இணையவழிப் படிப்பில் கூட்டுக் கற்றல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையவழிப் பாடங்களை நடத்தும் ஆசிரியர்களோடு உட்கார்ந்து அவர்களுடைய பாடத்திட்டத்தைச் சீரமைப்பது என் அன்றாட வேலை. மாணவர்களைச் சேர்ந்து படிக்க வைப்பது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஏறக்குறைய இதே ஐயங்கள் இதே வரிசையில் வருவதால், அவற்றை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் சொற்களிலேயே இருக்கின்றன. அடிப்படைக் கேள்விகளைத் தாண்டிச் செல்பவர்களும் ஐந்தாம் கேள்வியின் பதிலை மட்டும் விட்டுவிட வேண்டாம்; பின்னால் வருபவற்றுள் பல அதைச் சார்ந்தே இருக்கின்றன.

1. கூட்டுக் கற்றல் என்றால் என்ன? ஆளுக்கொரு பகுதி பிரித்துக் கொடுத்து எழுதச் சொன்னால் அதுவும் கூட்டுக் கற்றல்தானே?

இல்லை, அது வேலைப் பங்கீடு. நால்வர் ஓர் அறிக்கையை நான்காகப் பிரித்துக்கொண்டு, தனித்தனியே எழுதி, கடைசி நாளில் ஒருவர் எல்லாவற்றையும் ஒட்டி அனுப்பினால், ஒவ்வொருவரும் கால் பங்கைத்தான் கற்றிருப்பார்கள். கூட்டுக் கற்றலில் எல்லோரும் ஒரே சிக்கலை முன்னால் வைத்துக்கொண்டு, ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்தும் திருத்தியும், தொடக்கத்தில் எவரிடமும் இல்லாத ஒரு புரிதலுக்கு வந்து சேர்கிறார்கள். ஒரு சிக்கலைப் பற்றிய பொதுவான கருத்தை உருவாக்கவும் அதைக் காத்துக்கொள்ளவும் தொடர்ந்து எடுக்கும் முயற்சி என்று ரோஷெல், டீஸ்லி ஆகிய இருவரும் 1995இல் இதற்கு விளக்கம் தந்தார்கள். காத்துக்கொள்வது என்பதை அவர்கள் சேர்த்தது சும்மா அன்று. "நாம் இருவரும் ஒரே பொருளில்தான் பேசுகிறோமா" என்று இடையிடையே சரிபார்க்காவிட்டால் அந்தப் பொதுக் கருத்து தானே கலைந்துவிடும்.

உங்கள் பாடத்தில் எது நடக்கிறது என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. மூன்றாம் பகுதியை எழுதியவரிடம் முதல் பகுதியைப் பற்றிக் கேளுங்கள்.

2. நேர் வகுப்பில் மாணவர்கள் தாமாகவே பேசிக்கொள்கிறார்கள். இணையத்தில் மட்டும் ஏன் பேசுவதில்லை?

நேர் வகுப்பில் பேச்சு தானாக நடப்பதுபோல நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் அறையும் நேரமும் அதை நடத்தி வைக்கின்றன. ஐந்து நிமிடம் முன்னதாக வந்து அமர்ந்தவர் பக்கத்தில் இருப்பவரிடம் "நேற்றுச் சொன்னது உங்களுக்குப் புரிந்ததா" என்று தாழ்ந்த குரலில் கேட்கிறார். அது வேறு யார் காதிலும் விழுவதில்லை, எங்கும் பதிவாவதும் இல்லை. அதே கேள்வியை இணையத்தில் கேட்க வேண்டுமானால், முன்பின் தெரியாத அறுபது பேர் படிக்கும் இடத்தில், தன் பெயரும் நேரமும் பொறித்து, அழியாத எழுத்தில் கேட்க வேண்டியிருக்கிறது. தெரியவில்லை என்று ஒப்புக்கொள்வதற்கு அவ்வளவு துணிவு எல்லோரிடமும் இருப்பதில்லை.

தொலைநிலைக் கல்வியை ஆராய்ந்த மைக்கேல் மூர், ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலான தொலைவைக் கிலோமீட்டரில் அளக்கக் கூடாது என்றார். பாடத்தின் கட்டமைப்பு இறுகி உரையாடல் குறையக் குறையத் தொலைவு கூடுகிறது என்பது அவருடைய கருத்து. பதிவு செய்த காணொளியும் அதன் கீழே தானே திருத்திக்கொள்ளும் வினாத்தாளும் மட்டுமே கொண்ட பாடம் அந்த வகையில் மிகத் தொலைவான பாடம். இணையவழிக் கற்றலுக்குக் கில்லி சால்மன் வகுத்த ஐந்து படிநிலைகளில் மாணவர்கள் சேர்ந்து அறிவை உருவாக்குவது நான்காவதாகத்தான் வருகிறது. உள்ளே நுழையப் பழகுவதும், ஒருவரையொருவர் அறிவதும், தகவலைப் பரிமாறிக்கொள்வதும் அதற்கு முந்தியவை. முதல் வாரமே நான்காம் படியில் கால் வைக்கச் சொல்லிவிட்டு, மாணவர்கள் கூச்சப்படுகிறார்கள் என்று நாம் குறைப்பட்டுக்கொள்கிறோம்.

3. விவாதப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டேன். பத்து நாளாகியும் ஒருவரும் எழுதவில்லை. என்ன செய்வது?

அந்தப் பக்கத்தில் நீங்கள் எழுதி வைத்திருக்கும் கேள்வியைக் காட்டுங்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் அது "இந்த வாரப் பாடத்தைப் பற்றிய உங்கள் கருத்துகளைப் பகிருங்கள்" என்றிருக்கும், அல்லது ஒரே ஒரு சரியான விடையுள்ள கேள்வியாக இருக்கும். முன்னதில் எங்கே தொடங்குவது என்று எவருக்கும் தெரியாது; பின்னதில் முதலில் வந்தவர் விடையை எழுதிவிட்டால் மற்றவர்களுக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. புள்ளியியல் பாடமாக இருந்தால், சராசரிக்கும் இடைநிலைக்கும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) உள்ள வேறுபாட்டைக் கேட்பதை விட்டுவிட்டு, ஒரு நிறுவனத்தின் சம்பள நிலையை ஒரே எண்ணில் சொல்ல வேண்டுமானால் நிர்வாகம் எந்த எண்ணைச் சொல்லும், தொழிற்சங்கம் எந்த எண்ணைச் சொல்லும், நீங்கள் யார் பக்கம் என்று கேட்டுப் பாருங்கள். பக்கம் எடுத்தவர் தன் பக்கத்தைக் காக்கத் திரும்பி வருவார்.

மூடில் என்ற பாடத்தளத்தில், தன் விடையை எழுதிய பிறகே மற்றவர்களுடைய விடைகள் கண்ணுக்குத் தெரியும்படி அமைக்கும் ஒரு விவாத வகை இருக்கிறது. முதல் பதிவைப் பார்த்து அதையே சொல் மாற்றி எழுதும் பழக்கம் அதனால் பெருமளவு நின்றுவிடும்.

4. எழுதினால் மதிப்பெண் உண்டு என்று அறிவித்துவிட்டால் எழுதிவிடுவார்களே?

எழுதுவார்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு பதினோரு மணிக்கு மேல், "மிக அருமையான பதிவு, நானும் இதையேதான் நினைத்தேன்" என்று ஆளுக்கு இரண்டு வீதம் எழுதிவிட்டுப் போவார்கள். வாரத்துக்கு ஒரு பதிவு, இரண்டு பதில் என்று எண்ணிக்கைக்கு மதிப்பெண் கொடுத்தால் எண்ணிக்கைதான் வரும். விவாதம் முடிந்து எல்லோரும் போன பிறகு ஒருவர் வந்து யாரிடம் பேசுவது? பதிவுகளை எண்ணுவதற்கு மாறாக, வார இறுதியில் ஒவ்வொருவரும் தனியாக ஐந்து வரி எழுதித் தரட்டும்: யாருடைய எந்த வரி உங்கள் எண்ணத்தை மாற்றியது, அல்லது மாறாததற்குக் காரணம் என்ன. அதற்கு மதிப்பெண் கொடுங்கள். படிக்காமல் அந்த ஐந்து வரியை எழுத முடியாது.

5. குழுப்பணி கொடுத்தால் ஒருவரே எல்லாவற்றையும் செய்கிறார், மற்றவர்கள் பெயரை மட்டும் சேர்த்துக்கொள்கிறார்கள். இதற்குத் தீர்வே இல்லையா?

இது இணையத்தோடு வந்த நோய் அன்று. பிரெஞ்சு வேளாண் பொறியாளரான மாக்ஸ் ரிங்கல்மன் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்து 1913இல் வெளியிட்ட முடிவுகளில், ஆள் கூடக்கூட ஒவ்வொருவரும் செலுத்தும் விசை குறைந்துகொண்டே வந்தது. 1979இல் லாட்டனேயும் அவருடைய கூட்டாளிகளும் கை தட்டச் சொல்லியும் கத்தச் சொல்லியும் இதையே கண்டார்கள். தன் பங்கு தனியே தெரியாது என்ற நிலை வந்தால், நல்லவர்கூடச் சற்றுத் தளர்ந்துதான் போகிறார். இணையத்தில் எதிரே இருப்பவரின் முகம்கூடத் தெரியாததால் தளர்ச்சி இன்னும் எளிது.

கூட்டுறவுக் கற்றலை நெடுங்காலம் ஆராய்ந்த ஜான்சன் சகோதரர்கள் அதற்கு ஐந்து கூறுகளைச் சொல்கிறார்கள். அவற்றுள் இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டாலே பாதிச் சிக்கல் தீரும் என்பது என் அனுபவம். ஒன்று, மற்றவர் இல்லாமல் எவராலும் வேலையை முடிக்க முடியாதபடி அமைப்பது. மற்றொன்று, ஒவ்வொருவரும் தனித்தனியே பதில் சொல்லியாக வேண்டும் என்பது. எலியட் ஆரன்சன் 1971இல் அமெரிக்கப் பள்ளிகளில் தொடங்கிய ஜிக்சா முறை இவற்றுள் முதல் கூறுக்கு நல்ல வழிகாட்டி: பாடத்தின் ஒவ்வொரு துண்டும் ஒரே ஒரு மாணவரிடம்தான் இருக்கும், அவர் சொன்னால்தான் மற்றவர்களுக்குத் தெரியும்.

பொதுச் சுகாதாரப் பாடம் ஒன்றுக்கு நாங்கள் இப்படி அமைத்தோம். 1854இல் லண்டனின் பிராட் தெருவைச் சுற்றிக் காலரா பரவியது. கெட்ட காற்றுதான் காரணம் என்று அன்று பலரும் நம்பினார்கள். நால்வர் குழுவில் ஒருவருக்கு, இறப்புகள் ஒரு தண்ணீர்க் குழாயைச் சுற்றிக் குவிந்திருக்கும் வரைபடம். இரண்டாமவருக்கு, அருகிலேயே 535 பேர் தங்கியிருந்த ஏழைகள் விடுதியில் ஐவர் மட்டுமே காலராவால் இறந்த செய்தி. அங்கே சொந்தக் கிணறு இருந்தது. மூன்றாமவருக்கு, அதே தெருவில் எழுபதுக்கும் மேற்பட்டோர் வேலை செய்த மதுவடி ஆலையில் ஒருவரும் சாகவில்லை என்ற குறிப்பு. நான்காமவருக்கு, பல மாதங்களாக அந்தப் பக்கமே வராமல் தொலைவில் ஹாம்ப்ஸ்டெட்டில் வாழ்ந்த ஒரு மூதாட்டி இறந்த செய்தி. அவருக்கு அந்தக் குழாய்த் தண்ணீர் தினமும் புட்டியில் போய்க்கொண்டிருந்தது. வரைபடம் மட்டும் வைத்திருப்பவர் கெட்ட காற்று என்றே முடிவு செய்யலாம், அதில் தவறு காண முடியாது. ஒரு குழுவில் ஆறாவது செய்தியாக ஒரு மாணவி எழுதினார்: "எங்கள் ஆலை அதே தெருவில்தான் இருக்கிறது, எங்களில் ஒருவருக்கும் நோய் வரவில்லை, அப்படியானால் காற்று எப்படிக் காரணமாகும்?" எங்கள் ஆலை என்று அவர் எழுதியதைக் கண்டபோது இந்தப் பயிற்சி பிடித்துக்கொண்டது என்று தெரிந்தது. ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் அந்தக் குழாயின் கைப்பிடியைக் கழற்ற வைத்த முடிவுக்கு அவர்களும் வந்து சேர்ந்தார்கள். குழு விடைக்குப் பிறகு, தன்னிடம் இல்லாத மூன்று ஆவணங்களைப் பற்றி ஒவ்வொருவரும் தனியே ஒரு பக்கம் எழுத வேண்டும். மதிப்பெண்ணில் பெரும்பகுதி அதற்குத்தான்.

6. குழுவில் எத்தனை பேர் இருக்கலாம்? நண்பர்களை அவர்களே சேர்த்துக்கொள்ளட்டுமா?

நால்வர் போதும். இடையில் படிப்பை விட்டுப் போகிறவர்கள் அதிகமுள்ள பாடமானால் ஐவரை வையுங்கள், ஒருவர் போனாலும் நால்வர் மிஞ்சுவார்கள். தாங்களே சேரட்டும் என்று விட்டால் ஏற்கெனவே பழகியவர்கள் ஒன்றுகூடிவிடுவார்கள், யாரையும் அறியாதவர்கள் கடைசியில் மிச்சமாகச் சேர்க்கப்படுவார்கள். எனவே ஆசிரியரே சேர்ப்பது நல்லது. மாணவர்களிடம் இரண்டு மூன்று செய்திகளைக் கேட்டு வாங்கிக்கொண்டால் போதும்: வாரத்தில் எந்த நேரம் ஓய்வு, பாடத்தில் சேர்ந்ததன் நோக்கம், படிப்பது கணினியிலா கைப்பேசியிலா.

2013இல் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் கோர்செரா தளத்தில் நடத்திய பாடம் ஒன்றில் நாற்பதாயிரம் பேர் சேர்ந்திருந்தார்கள். குழுவில் சேர விரும்புவோர் இணைய விரிதாளில் தாங்களே பெயர் எழுதும்படி சொல்லப்பட்டது. அத்தனை பேரை ஒரே நேரத்தில் தாங்க முடியாமல் விரிதாள் குலைந்தது, முதல் வாரத்திலேயே பாடம் நிறுத்தப்பட்டது. இணையவழிக் கல்வியை எப்படித் திட்டமிடுவது என்பதுதான் அந்தப் பாடத்தின் பொருள்.

7. எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள், வெவ்வேறு நேரத்தில் வருகிறார்கள். ஒரே நேரத்தில் கூட்டவே முடியவில்லை.

அப்படியானால் கூட்ட வேண்டாம். வாரத்துக்கு ஒரு காலக்கெடு வைப்பதை விட்டுவிட்டு இரண்டு வையுங்கள்: புதன்கிழமைக்குள் தன் துண்டைப் பற்றி எழுதுவது, ஞாயிற்றுக்கிழமைக்குள் மற்றவர்களுக்குப் பதில் சொல்லிக் கூட்டு விடையை முடிப்பது. ஒரே கெடு இருந்தால் எல்லோரும் கடைசி இரவில் எழுதுவார்கள், பதில் சொல்ல எவருக்கும் நேரம் இருக்காது.

நேரம் விட்டு நேரம் எழுதும் குழுக்களுக்கு வாதிடுவது எளிது, முடிவெடுப்பதுதான் கடினம். எல்லோரும் மற்றவருடைய ஒப்புதலுக்காகக் காத்திருந்தே மூன்று நாள் ஓடிவிடும். ஒரு முடிவை முன்வைத்து 48 மணி நேரத்துக்குள் மறுப்பு வராவிட்டால் அது எல்லோருடைய முடிவாகும் என்ற விதியை முதல் நாளே எழுதி வைத்துவிடுங்கள்.

8. நேரலை வகுப்பில் சிறு அறைகளுக்குப் பிரித்து அனுப்பினால், கேமராவை அணைத்துவிட்டு மௌனமாக இருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஓர் அறைக்குள் ஒருமுறை சத்தமில்லாமல் நுழைந்தேன். நான்கு கறுப்புச் சதுரங்கள், நான்கு பெயர்கள். நாற்பது விநாடிக்குப் பிறகு ஒருவர் மைக்கைத் திறந்து, "ஆமாம், நம்மை என்ன செய்யச் சொன்னார்கள்?" என்று கேட்டார். இன்னொருவர், "திரையில் இருந்தது, இப்போது போய்விட்டது" என்றார். ஆசிரியர் கேள்வியைப் பொது அறையின் திரையில் மட்டுமே காட்டியிருந்தார். மௌனத்துக்குக் காரணம் அவ்வளவுதான்.

ஒவ்வோர் அறைக்கும் கேள்வி எழுதிய ஒரு பக்கத்தைப் பொது ஆவணத்தில் முன்கூட்டியே வைத்துவிடுங்கள். திரும்பி வரும்போது அதில் மூன்று வரி இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். யார் முதலில் பேசுவது என்பதைப் பெயரின் முதலெழுத்தை வைத்து நீங்களே முடிவு செய்யுங்கள். எரிக் மசூர் ஹார்வர்டில் 1991 முதல் கையாண்ட முறையும் இங்கே உதவும்: மாணவர்கள் முதலில் தனியே விடையைத் தேர்ந்தெடுத்து வாக்களிக்கிறார்கள், பிறகு பக்கத்தில் இருப்பவரை நம்பவைக்க முயல்கிறார்கள், மீண்டும் வாக்களிக்கிறார்கள். கேமராவைக் கட்டாயமாக்காதீர்கள். இணைய வேகம் குறைந்தவரும், வீட்டில் தனியிடம் இல்லாதவரும் அதனால் வகுப்புக்கே வராமல் போவார்கள்.

9. எதுவும் எழுதாமல் படித்துவிட்டு மட்டும் போகிறவர்களை என்ன செய்வது?

முதலில் அவர்கள் உள்ளே வருகிறார்களா என்று பாருங்கள். வந்து படிப்பவரும் வராதவரும் ஒன்றல்லர். எந்தச் சமூகத்திலும் புதியவர் ஓரத்தில் நின்று கவனித்துக் கற்று மெல்ல நடுவே வருகிறார், அந்த ஓரமும் முறையான இடமே என்று லேவும் வெங்கரும் 1991இல் எழுதினார்கள். படிப்பவரை விட்டுப் பிடிக்கலாம். பத்து நாளாக வராதவருக்கு அன்றே தனிச் செய்தி அனுப்புங்கள்.

10. மாணவர்களே ஒருவரையொருவர் மதிப்பிடுவது நியாயமா? "அவருக்கே தெரியாது, என்னை எப்படித் திருத்துவார்?" என்று கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். மதிப்பெண் போடுவதையும் கருத்துச் சொல்வதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வரும் கேள்வியும்கூட. சகமாணவர் மதிப்பீட்டில் அதிகம் கற்பவர் பெரும்பாலும் மதிப்பிடுகிறவர்தான். இன்னொருவருடைய விடையில் இடைவெளியைக் கண்டுபிடித்தவர் தன் விடையைத் திரும்பிப் பார்க்கிறார். இதை மாணவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

மதிப்பெண்ணும் வேண்டும் என்றால், நீங்கள் ஏற்கெனவே திருத்திய மூன்று மாதிரி விடைகளை எல்லோரும் முதலில் மதிப்பிடட்டும். தங்கள் கணிப்பு எங்கே விலகுகிறது என்று அவர்களுக்கே தெரியும். ஒவ்வொரு விடையையும் மூவர் பார்க்கட்டும், சராசரியை எடுக்காமல் நடு மதிப்பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய காழ்ப்போ தாராளமோ அதில் அடிபட்டுப் போகும். "வாதம் தெளிவாக இருக்கிறதா" என்று கேட்பதைவிட, "முடிவுக்கு எதிரான சான்று ஒன்றாவது பேசப்பட்டிருக்கிறதா" என்று கேட்டால் ஆம், இல்லை என்று சொல்ல எவராலும் முடியும்.

11. பாடத்தளத்தில் இடம் கொடுத்தும் மாணவர்கள் வாட்ஸ்அப்பில் தனிக் குழு வைத்துக்கொள்கிறார்கள். தடுக்கலாமா?

தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். இரண்டாம் கேள்வியில் சொன்ன தாழ்ந்த குரலுக்கு அவர்கள் கண்டுபிடித்த இடம் அது. நீங்கள் அதில் சேரவும் வேண்டாம். தன் கைப்பேசி எண்ணைத் தர விரும்பாதவர் எதையும் இழந்துவிடக் கூடாது என்பதற்காக, முடிவுகளை மட்டும் பாடத்தளத்தில் எழுதி வைக்கச் சொன்னால் போதும்.

12. விவாதத்தில் ஆசிரியர் எவ்வளவு பேச வேண்டும்?

ஆசிரியர் முதலில் பதில் சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஒன்றுமே சொல்லாவிட்டால் இதை யாரும் படிப்பதில்லை என்று மாணவர்கள் எண்ணிக்கொள்வார்கள். காரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் மூவரும் 2000இல் முன்வைத்த சட்டகத்தில், மாணவர்களின் சமூக இருப்பும் (ஒருவரையொருவர் உண்மையான மனிதராக உணர்வது) சிந்தனை இருப்பும் (பேசிப் பேசிப் பொருளை உருவாக்குவது) ஆசிரியரின் கற்பித்தல் இருப்போடு (பாடத்தை வடிவமைத்து வழிநடத்துவது) சேர்ந்தே பேசப்படுகின்றன. நடைமுறையில் நான் பரிந்துரைப்பது இது: முதல் இரண்டு நாள் பொறுத்திருங்கள். பிறகு, "நீங்கள் சொல்வதும் மேலே இவர் சொல்வதும் முரண்படுகின்றன, எப்படிச் சரிசெய்வீர்கள்" என்று இருவரை எதிரெதிரே நிறுத்திவிட்டு விலகுங்கள். தவறான தகவல் ஏதாவது வேரூன்றுவதைக் கண்டால் மட்டும் உடனே தலையிடுங்கள்.

13. ஒரு குழுவில் பெரிய சண்டை. "அவரோடு இனி வேலை செய்ய மாட்டேன்" என்கிறார்கள். குழுவை மாற்றிவிடலாமா?

உடனே மாற்றாதீர்கள். முதலில் பொது ஆவணத்தின் திருத்த வரலாற்றைத் திறந்து பாருங்கள். யார் எப்போது எதை எழுதினார், யார் யாருடைய பத்தியைச் சொல்லாமல் அழித்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். நான் பார்த்த சண்டைகளில் பல, கருத்து வேறுபாட்டால் வந்தவை அல்ல. கேட்காமல் அழிக்கப்பட்ட ஒரு பத்தியால் வந்தவை. பதில் எத்தனை நாளுக்குள் வர வேண்டும், பிறர் எழுதியதை எப்படித் திருத்துவது, ஒருவர் காணாமல் போனால் என்ன செய்வது என்று குழுவே தொடக்கத்தில் எழுதிக்கொண்ட ஒப்பந்தம் இருந்தால், அதை எடுத்து வைத்துப் பேசலாம். இழிவான பேச்சோ மிரட்டலோ இருந்தால் இவை எதுவும் பொருந்தாது, அன்றே பிரித்துவிடுங்கள்.

14. ஒவ்வொருவரும் தன் பங்கை ஏஐயிடம் கேட்டு ஒட்டிவிடுகிறார்கள். இனிக் கூட்டுக் கற்றலுக்குப் பொருள் உண்டா?

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் முதலில் சரிந்தது, முதல் கேள்வியில் சொன்ன வேலைப் பங்கீடு வகைக் குழுப்பணிதான். அதை இழந்ததற்காக நான் வருந்தவில்லை. ஐந்தாம் கேள்வியில் சொன்ன வகையும் முழுப் பாதுகாப்பு அன்று. நான்கு ஆவணங்களையும் ஒரே இடத்தில் ஒட்டி விடை கேட்க இப்போது எவராலும் முடியும். நாங்கள் செய்யும் மாற்றம் இரண்டு. ஏஐ தந்த விடையையே ஐந்தாவது ஆவணமாகக் கொடுத்து, தங்கள் சான்றுகளைக் கொண்டு அதில் ஓட்டை கண்டுபிடிக்கச் சொல்கிறோம். எழுதிய பக்கத்துக்குத் தந்திருந்த மதிப்பெண்ணில் பாதியைப் பத்து நிமிட நேரலை உரையாடலுக்கு மாற்றியிருக்கிறோம். அதில் ஒருவரிடம் இன்னொருவருடைய ஆவணத்தைப் பற்றித்தான் கேட்போம். ஆசிரியருக்கு வேலை கூடுகிறது என்பதை மறைக்கப் போவதில்லை.

15. பல்லாயிரம் பேர் சேரும் பாடத்தில் இதெல்லாம் நடக்குமா?

எல்லோருக்கும் நடக்காது. பெருந்திரளானோருக்குத் திறந்துவிடப்படும் இணையவழிப் பாடங்களுக்கு மூக் (MOOC) என்ற பெயர் பிறக்கக் காரணமான 2008ஆம் ஆண்டுப் பாடத்தில் ஏறக்குறைய 2,200 பேர் இணையத்தில் சேர்ந்தார்கள். 2011இல் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் பதிவு செய்தார்கள். பெயர் பதிந்தவர்களில் பெரும்பாலோர் முடிப்பதில்லை என்பது இத்தகைய பாடங்களின் இயல்பு. முதல் நாளே குழு சேர்த்தால் நால்வரில் மூவர் ஆவியாகிவிடுவார்கள். இரண்டு வார வேலையை முடித்தவர்களை மட்டும், அதுவும் விருப்பம் கேட்டு, ஆறாம் கேள்வியில் சொன்ன செய்திகளைக் கொண்டு கணினியே பிரிக்கும்படி செய்யுங்கள். மற்றவர்கள் தனியே படிக்கட்டும்.

16. "எனக்குத் தனியாகப் படிப்பதுதான் வருகிறது" என்று ஒரு மாணவி சொல்கிறார். கட்டாயப்படுத்த வேண்டுமா?

அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். சூத்திரப் பயிற்சி, சொற்களை மனப்பாடம் செய்வது, ஒரு மென்பொருளின் கட்டளைகளைப் பழகுவது போன்றவற்றுக்குக் குழு தேவையில்லை. அங்கே குழு சேர்ப்பது நேரத்தை வீணாக்குவது. ஒருவரே நன்றாக முடித்துவிடக்கூடிய வேலையை நால்வருக்குக் கொடுத்திருந்தால் குறை அவரிடம் இல்லை.

மற்றபடி, கட்டாயப்படுத்துவதற்கு முன் முந்தைய பாடத்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள். இப்படிச் சொன்ன ஒரு மாணவியிடம் நாங்கள் கேட்டபோது, போன பாடத்தில் நால்வர் வேலையையும் தானே இரவு விழித்து முடித்ததையும், நால்வருக்கும் ஒரே மதிப்பெண் வந்ததையும் சொன்னார். பொதுச் சுகாதாரப் பாடத்தில் அவருக்கு ஹாம்ப்ஸ்டெட் மூதாட்டியின் ஆவணத்தைக் கொடுத்து, அது அவரிடம் மட்டுமே இருக்கிறது, மற்ற மூன்றும் அவரிடம் இல்லை என்று சொன்னோம். "அப்படியானால் அவர்கள் எழுதும் வரை நான் காத்திருக்க வேண்டுமா" என்று கேட்டார். ஆம் என்றோம், புதன்கிழமைக்கு முன்பே தன் துண்டை எழுதிப் போட்டுவிட்டு, மற்ற மூவரையும் அவரே நினைவூட்டத் தொடங்கினார்.